சீட்டில் உள்ளபடி மட்டும்

திண்டிவனம்
9-2-1959

ரிக்கார்டு கீப்பர் திரு. சவுரிராயன் அவர்களுக்கு,

நான் சென்ற மாதம்தான் மாற்றலாகி மறுபடியும் திண்டிவனம் கிளைக்கு வந்திருக்கிறேன். நில விவகார மேஜை என் பொறுப்பு. முதல் வேலையாகத் தங்களிடம் ஒரு பழைய கட்டு கேட்க வேண்டியிருக்கிறது.

மரக்காணத்துக்குத் தெற்கே ஒதியங்குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம். எழுபது வீடுகள். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்; ஒரே ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். அந்தக் கிணறு உள்ள நிலத்தை உப்பள முதலாளி ஒருவர் வாங்கி, பொங்கலுக்கு மறுவாரம் முள்கம்பி வேலி போட்டுவிட்டார். நிலம் யார் கைக்குப் போனாலும் அங்கே தண்ணீர் எடுக்கக் குப்பத்துக்கு உரிமை உண்டு என்று 1938 வாக்கில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி உத்தரவு போட்டதாகக் குப்பத்தார் சொல்கிறார்கள். அவர்களிடம் இருந்த நகல் ஒரு புயலில் கூரையோடு போய்விட்டதாம்.

விசாரணை ஏப்ரல் 20. உத்தரவு கிடைத்தால் வேலி போய்விடும். கிடைக்காவிட்டால் இத்தனை காலம் தண்ணீர் எடுத்துவந்தார்கள் என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். முதலாளி தரப்பிலும் சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். ஆகையால் சொன்னதை மாற்ற மாட்டார்கள்.

குப்பத்திலிருந்து கெங்கம்மாள் என்ற அம்மாள் மீன் விற்க வரும்போதெல்லாம் ஆபீசுக்குள் நுழைந்து, "இன்னா சார், கெடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். கூடையையும் உள்ளே கொண்டுவருகிறார். ஆகவே இந்த விஷயம் அவசரமானது என்று நம் அதிகாரியும் கருதுகிறார்.

"ஒதியங்குப்பம் நல்ல தண்ணீர் கிணறு" என்று சீட்டு எழுதி இணைத்திருக்கிறேன்.

தங்கள்,
கு. அப்பாதுரை


விழுப்புரம்
14-2-1959

திரு. அப்பாதுரை அவர்களுக்கு,

சீட்டு வந்தது. உள்ளபடி நிறைவேற்றப்பட்டது.

"ஒதியங்குப்பம்" என்ற தலைப்பில் கட்டு இல்லை. "நல்ல" என்ற தலைப்பிலும் இல்லை. "தண்ணீர்" முப்பத்தொன்று. "கிணறு" இருநூற்றுப் பன்னிரண்டு. ஆக இருநூற்று நாற்பத்து மூன்று கட்டுகளும் பத்தொன்பது சாக்குகளில் கட்டி இன்று கூட்ஸ் வண்டியில் ஏற்றப்பட்டன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.

சீட்டில் இடைவெளி விட்டு எழுதும் ஒவ்வொரு சொல்லும் இங்கே தனித்தனிக் கோரிக்கை. பல சொற்கள் சேர்ந்து ஒரே தலைப்பு என்றால் அவற்றைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். "உத்தரவு" என்ற சொல்லைத் தாங்கள் எழுதாதது நல்லதாயிற்று. அந்தத் தலைப்பில் பதினோராயிரம் கட்டுகள் உள்ளன, சாக்கு போதாது.

ம. சவுரிராயன்


திண்டிவனம்
21-2-1959

திரு. சவுரிராயன் அவர்களுக்கு,

பத்தொன்பது சாக்குகளும் வந்தன. எங்கள் ஆபீசில் மூன்று ஜன்னல்கள் இருந்தன. இப்போது ஒன்று இருக்கிறது. அதிகாரி இரண்டு நாளாகத் "தண்ணீர்" மேல் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம். மேல்மலையனூர்த் திருவிழாவுக்குத் தற்காலிகக் கிணறு, வளவனூரில் கிணற்றில் விழுந்த எருமை, விக்கிரவாண்டியில் அதே எருமை என்று சந்தேகிக்கப்படும் வேறோர் எருமை, எல்லாம் இருக்கின்றன. எங்கள் கிணறு இல்லை.

கெங்கம்மாள் வந்தார். சாக்குகளைப் பார்த்து, "அடேங்கப்பா! இத்தினி காயிதம் கீது. இதுல எங்க கெணறு மட்டும் காணமா? நீங்க இன்னா சார், கடலுல தண்ணி இல்லன்னு சொல்ற மாரி சொல்றீங்க" என்றார். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

எல்லாக் கட்டுகளையும் இன்றே திருப்பி அனுப்புகிறேன். வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதவும். கட்டம் போட்ட புதுச் சீட்டு இணைப்பில்.

கு. அப்பாதுரை


திண்டிவனம்
4-3-1959

திரு. சவுரிராயன் அவர்களுக்கு,

பதினோரு நாள் ஆயிற்று. கட்டுகள் சேர்ந்ததற்குத் தகவல் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன அச்சுச் சீட்டு வந்தது. அதில் "இல்லை" என்று ஒரே ஒரு சொல். எது இல்லை? நான் கேட்ட கட்டு இல்லையா? நான் கட்டம் போட்ட விதம் சரியில்லையா? திருப்பி அனுப்பிய சாக்குகள் வரவில்லையா? அல்லது தாங்களே ஊரில் இல்லையா? ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கு. அப்பாதுரை


விழுப்புரம்
6-3-1959

திரு. அப்பாதுரை அவர்களுக்கு,

சாக்குகள் பத்தொன்பதும் சென்ற மாதம் 23-ம் தேதியே சேர்ந்துவிட்டன. சேர்ந்துவிட்டதால்தான் எழுதவில்லை. சேராதிருந்தால் எழுதியிருப்பேன். நடந்த காரியத்துக்கெல்லாம் நடந்தது என்று எழுத ஆரம்பித்தால் நடக்க வேண்டிய காரியத்துக்குக் காகிதம் இருக்காது.

"இல்லை" என்பது தாங்கள் கட்டம் போட்டுக் கேட்ட தலைப்பைப் பற்றியது. தாங்கள் சொன்ன மற்ற காரணங்களுக்கும் அதே சீட்டுத்தான் அனுப்பப்படும். 1946-ல் ஐயாயிரம் அச்சடித்தார்கள்; ஒரே வகைதான். நாலாயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கிறது.

தலைப்புத் தெரியாதவர்கள் வழக்கமாக முதலில் பட்டியல் கேட்பார்கள். இன்ன அறை, இன்ன வருஷத்து வரிசை, இன்ன தட்டு என்று எழுதினால் அட்டெண்டர் முருகையன் அங்கே போய் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வருவார். 1938 கிழக்கு அறையில் இருக்கிறது.

ம. சவுரிராயன்


திண்டிவனம்
16-3-1959

திரு. சவுரிராயன் அவர்களுக்கு,

சென்ற வாரம் திங்கட்கிழமை ஒரு சீட்டு அனுப்பினேன்: "முருகையன் கிழக்கு அறைக்குப் போய் 1938 வரிசை முன் நிற்கவும்." செவ்வாய்க்கிழமை இரண்டாவது சீட்டு: "அங்கே மேல் தட்டில் உள்ளவற்றின் பட்டியல்." இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது.

வந்த பட்டியலை அப்படியே திருப்பித் தருகிறேன்: உடைந்த நாற்காலி பதினான்கு. அரிக்கேன் விளக்கு ஒன்பது. மன்னர் படம் மூன்று, கண்ணாடி இல்லாமல். குடை ஒன்று.

இது 1938-ம் வருஷமா? அந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு மோசமாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

கு. அப்பாதுரை


விழுப்புரம்
18-3-1959

திரு. அப்பாதுரை அவர்களுக்கு,

தாங்கள் சொன்னபடி முருகையன் திங்கட்கிழமைச் சீட்டுக்குக் கிழக்கு அறைக்குப் போய் நின்றார். செவ்வாய் காலை வேறொரு கிளையிலிருந்து வந்த சீட்டு அவரை மேற்கே தட்டுமுட்டு அறைக்கு அனுப்பியது. அதன் பிறகு தங்கள் இரண்டாவது சீட்டு வந்தது. அதில் "அங்கே" என்று இருந்தது. அப்போது முருகையனுக்கு அங்கே என்பது தட்டுமுட்டு அறை.

நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அய்யா, கடைசி சீட்டு எங்க வுட்டுதோ அங்கதான் நான் நிப்பேன். நானா நவுந்துக்கினா நாளைக்கு யாரு ஜவாப் சொல்றது? நீங்களா?" என்றார். ஐம்பத்திரண்டு வயது மனிதர். சொன்னது நியாயமாக இருந்தது.

அறைக்குள் எங்கே போக வேண்டுமானாலும் வாசற்படியிலிருந்து தொடங்கி, ஒரே சீட்டில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

ம. சவுரிராயன்


திண்டிவனம்
24-3-1959

திரு. சவுரிராயன் அவர்களுக்கு,

வாசற்படியிலிருந்து எழுதினேன். "கிழக்கு அறை, 1938 வரிசை, மேல் தட்டு, அதிலுள்ள எல்லாக் கட்டுகளும், பட்டியல் மட்டும்" என்று கேட்டேன். அறுபத்து நான்கு தலைப்புகள் வந்தன. எங்கள் கிணறு இல்லை. கீழ்த் தட்டுகளையும் கேட்டேன். அங்கேயும் இல்லை.

குப்பத்துப் பெண்கள் இப்போது இரண்டரை மைல் நடந்து பக்கத்து ஊர்க் கிணற்றுக்குப் போகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் இவர்கள் குடத்தை இறக்கலாம். நேற்று கெங்கம்மாளின் மருமகள் வெயிலில் மயங்கி விழுந்து குடம் உடைந்துவிட்டது. ஏழு மாதக் கர்ப்பிணி. கெங்கம்மாள் நேற்று எப்போதும்போல் ஏசவில்லை. "இன்னும் எத்தினி நாளு சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் ஏசியபோது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சீட்டில் கட்டம் வேண்டும், வாசற்படி வேண்டும், என்னென்னவோ வேண்டும். எல்லாம் கொடுத்துவிட்டேன். நான் தேடுவது என்ன என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். தாங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு தடவையாவது தங்கள் தலையைக் கொஞ்சம் பயன்படுத்தினால் என்ன?

கு. அப்பாதுரை


விழுப்புரம்
31-3-1959

திரு. அப்பாதுரை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் புனித வாரத்தில் வந்தது. அந்த வாரத்தில் கோபப்படுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஈஸ்டர் முந்தாநாள் முடிந்தது. இனி எழுதலாம்.

1951-ல் திண்டிவனம் கிளையிலிருந்து ஒரு கட்டு கேட்டு வந்தது. அந்த விஷயத்துக்கு இன்னொரு கட்டும் உதவும் என்று எனக்குத் தோன்றியதால் அதையும் சேர்த்து அனுப்பினேன். யாரும் கேட்காமல் நானாகச் செய்தது. இரண்டாவது கட்டில் அப்போதைய கிளை அதிகாரி தவறாகக் கையெழுத்திட்ட காகிதம் ஒன்று இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. நான் கட்டுகளைப் படிப்பதில்லை. அதிகாரிக்குக் கோபம் வந்தது. அவர் எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் என்னைக் காட்டினார்.

எனக்கு மெமோ வந்தது. அது என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. எட்டு வருஷமாகத் தினமும் படிப்பதால் மனப்பாடம்: "ரிக்கார்டு கீப்பரின் வேலை யோசிப்பது அல்ல. இனி சீட்டில் உள்ளதை, சீட்டில் உள்ளபடி மட்டும் அனுப்ப வேண்டும். கேட்காததைக் கொடுக்கக் கூடாது. தன் தலையைப் பயன்படுத்தியதாகத் தெரிந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

நல்ல நடை. கீழே இடது ஓரத்தில் சின்ன எழுத்தில் வரைவு எழுதியவர் பெயர் இருக்கிறது: கு. அப்பாதுரை.

ம. சவுரிராயன்


திண்டிவனம்
3-4-1959

அன்புள்ள சவுரிராயன் அவர்களுக்கு,

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். அது உண்மையில்லை. திரும்பி வந்த அன்றே தங்கள் பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. தாங்கள் மறந்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.

அன்று அதிகாரி, "இது எப்படி இங்கே வந்தது?" என்று கத்தினார். எனக்கு முதல் குழந்தை பிறந்து பத்து நாள். என் வேலையா, உங்கள் பெயரா என்று வந்தபோது உங்கள் பெயரைச் சொன்னேன். மெமோவை எழுதச் சொன்னதும் எழுதினேன். கடைசி வாக்கியம் அவர் சொன்னதல்ல. நடை நன்றாக வந்துகொண்டிருந்ததால் நானே சேர்த்தேன்.

அந்த மெமோவை ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை. ஆனால் எழுதத் தெரிந்தவனுக்குத் திருத்தவும் தெரியும். இன்றைய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி ஒரு உத்தரவு இணைத்திருக்கிறேன். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் உள்ளவர் அல்ல.

"ஒதியங்குப்பம் கிணறு விஷயத்தில் மட்டும், ஏப்ரல் 20 வரை, ரிக்கார்டு கீப்பர் தம் புத்தியைப் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறார். பயன்படுத்திய விதத்தை அறிக்கையாகத் தர வேண்டும்."

மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதினேன். அது மெமோ மாதிரியே வந்ததால் எடுத்துவிட்டேன். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கு. அப்பாதுரை


விழுப்புரம்
9-4-1959

அன்புள்ள அப்பாதுரை அவர்களுக்கு,

வைத்துக்கொண்டேன்.

உத்தரவு கிடைத்ததும் புத்தியைப் பயன்படுத்தத் தொடங்கினேன். எட்டு வருஷப் பழக்கமின்மையால் முதல் அரை நாள் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு நானே கிழக்கு அறைக்குப் போனேன். முருகையன் பதறிப்போய், "அய்யா, நீங்க ஏறுறீங்களா? யாரு சீட்டு குடுத்தாங்க?" என்றார். "சர்க்கார்" என்றேன்.

1938 மேல் தட்டில் அந்த அறுபத்து நான்கு கட்டுகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி இன்னொரு வரிசை இருக்கிறது. பத்தொன்பது கட்டுகள். எண்ணுக்கு முன்னால் மையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறது. "எல்லாக் கட்டுகளும்" என்று கேட்டால் புள்ளி வைத்தவை அதில் சேராது; புள்ளியையும் சேர்த்து என்று தனியாகக் கேட்க வேண்டும். 1912-ல் ஏற்பட்ட விதி. முருகையனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாததால் யாரும் கேட்டதில்லை. புள்ளி எதற்கு என்று நானும் யோசித்ததில்லை. யோசிக்கச் சொல்லிச் சீட்டு வரவில்லை.

கட்டைப் பிரிக்க நானும் கட்டு எடுப்போர் புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும். "எடுத்தவர்: சவுரிராயன். காரணம்: படிக்க" என்று நேற்றே தேதி போட்டு எழுதினேன். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் ஒரு கட்டைப் பிரித்துப் படித்தது இதுதான் முதல் தடவை. மூன்று பக்கம்.

கிணற்று உத்தரவுதான். 1-12-1938. நிலம் யார் கைக்குப் போனாலும் குப்பத்தார் தண்ணீர் எடுக்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில், இந்த உரிமை இருபது வருஷத்துக்கு என்று இருக்கிறது. ஓரத்தில் துரையின் கைக்குறிப்பு: அதற்குள் சர்க்கார் குழாய் போட்டுவிடும். மற்றப் பதினெட்டுக் கட்டுகளின் மேலட்டைகளையும் பார்த்தேன். எல்லாம் கெடு வைத்த உத்தரவுகள். புள்ளிக்கு அதுதான் அர்த்தம்: தானாகவே செத்துப்போகக் கூடியவை, எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

கெடு சென்ற நவம்பரோடு முடிந்தது. வேலி ஜனவரியில் போட்டார்கள். இந்தக் கெடு முதலாளிக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அவர் வக்கீல் முதல் நாளே இந்தக் காகிதத்தைக் கேட்டிருப்பார். உத்தரவு விசாரணைக்கு வந்தால் குப்பத்தின் உரிமை முடிந்துபோன உரிமை. வராவிட்டால் பழக்கத்தைப் பார்ப்பார்கள்.

கட்டின் எண்ணை இங்கே எழுதவில்லை. தாங்கள் கேட்டால் எழுதுவேன். எண் போட்டுச் சீட்டு வந்தால் அடுத்த பாசஞ்சரில் அனுப்புவேன். கேட்டதை நான் கொடுக்காமல் இருந்ததில்லை.

அறிக்கை தனியே இணைத்திருக்கிறேன். புத்தியைப் பயன்படுத்திய விதம்தான் கேட்கப்பட்டிருக்கிறது. கிடைத்த பொருள் கேட்கப்படவில்லை. ஆகவே ஏணியில் ஏறியது வரை எழுதியிருக்கிறேன்.

ம. சவுரிராயன்


திண்டிவனம்
14-4-1959

அன்புள்ள சவுரிராயன் அவர்களுக்கு,

இன்று வருஷப் பிறப்பு, விடுமுறை. வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

எண்ணைக் கேட்டு மூன்று கார்டு எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். என் மேஜைக்கு வந்த காகிதத்தை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் இந்தக் காகிதம் என் மேஜைக்கு வரவில்லை. வர வேண்டுமானால் நான் கூப்பிட வேண்டும். இதற்கு மறைப்பது என்று பெயரா? இரண்டு நாளாக யோசிக்கிறேன். இதற்கு யாரும் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை.

நேற்று கெங்கம்மாள் வந்தார். கூடையை இறக்கும் முன் கேட்டுவிட்டேன்: "அந்த உத்தரவு இருபது வருஷத்துக்குத்தான்னு இருந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"அப்பிடின்னா?"

"இருபது வருஷம் தண்ணி எடுக்கலாம். அப்புறம் எடுக்கக் கூடாது."

அவர் கூடையை இறக்கி வைத்தார். "ஏன் சார், அப்புறம் தாகம் எடுக்காதா எங்களுக்கு?"

"அதுக்குள்ள குழாய் வந்துடும்னு எழுதியிருந்தா?"

"வந்துச்சா?"

"வரல."

"அப்ப எழுதுனவன் சொன்ன சொல்லு அவன் காப்பாத்தல. நாங்க மட்டும் காப்பாத்தணுமா? நல்லா கீது சார் உங்க ஞாயம்!" என்று சொல்லிவிட்டு, என் மேஜை ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். மறுபடியும் ஏச ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

எண்ணைக் கேட்கப்போவதில்லை. நான் அனுப்பிய சீட்டுகள், தாங்கள் அனுப்பிய "இல்லை", அறுபத்து நான்கு தலைப்புகளின் பட்டியல், ஏணி வரையிலான அறிக்கை எல்லாவற்றையும் வரிசையாகத் தைத்து விசாரணைக்கு வைக்கிறேன். அவற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இவ்வளவு உண்மையான காகிதங்களைச் சேர்த்து வைத்து இவ்வளவு கூச்சப்பட்டது இதுவே முதல் தடவை.

கு. அப்பாதுரை


திண்டிவனம்
24-4-1959

அன்புள்ள சவுரிராயன் அவர்களுக்கு,

விசாரணை 20-ம் தேதி நடந்தது. முதலாளியின் வக்கீல் சீனுவாசன், உத்தரவு என்பதே கட்டுக்கதை, குப்பத்தார் அந்தக் கிணற்றை இரண்டு மூன்று வருஷமாகத்தான் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று வாதாடினார். சாட்சிகள் மூன்று பேரும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். மூச்சு விட்ட இடம்கூட ஒன்றாக இருந்தது.

விசாரணை அதிகாரி என் காகிதங்களைப் புரட்டினார். "இவ்வளவு தேடியிருக்கிறீர்களே!" என்று பாராட்டினார். நான் தலைகுனிந்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

22-ம் தேதி இடத்தைப் பார்க்கப் போனோம். வேலிக்கு அந்தப் பக்கம் எழுபது வீட்டாரும் நின்றார்கள். கிணற்றைச் சுற்றிக் கருங்கல் பதித்திருக்கிறது. கல்லின் உள்விளிம்பில் கயிறு அறுத்து அறுத்து விரல் ஆழத்துக்குத் தடங்கள். அதிகாரி விரலை வைத்துப் பார்த்தார். பதினேழு தடங்கள் எண்ணினார். "வக்கீல் சார், இரண்டு மூன்று வருஷத்தில் கருங்கல் இப்படி அறுபடுமா?" என்று கேட்டார்.

"கயிறு முரடாக இருந்திருக்கலாம்" என்றார் சீனுவாசன்.

கெங்கம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து, "கயிறு இல்லீங்க வக்கீலய்யா, எங்க மாமியா கைதான் முரடு!" என்று கத்தினார். அதிகாரியே சிரித்துவிட்டார்.

பழக்க உரிமை உண்டு, வேலியை எடுக்க வேண்டும் என்று அங்கேயே எழுதினார். அன்று மாலைக்குள் கம்பியைச் சுருட்டிவிட்டார்கள். அப்பீலுக்குக் கடைசி நாள் ஜூன் 21. அதற்குள் ஏதாவது பழைய காகிதம் கிடைத்தால் பார்க்கலாம் என்று சீனுவாசன் கிராமம் கிராமமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கு. அப்பாதுரை


விழுப்புரம்
19-5-1959

அன்புள்ள அப்பாதுரை அவர்களுக்கு,

வக்கீல் சீனுவாசன் நேற்று நேரில் வந்தார். பழைய கர்ணம் ஒருவரின் குறிப்புப் புத்தகத்தில் கட்டின் எண்ணைப் பிடித்துவிட்டார். 417, 1938. முன்னால் புள்ளியோடு. சீட்டில் ஒரு குறையும் இல்லை. தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பார்க்க அழகாக இருந்தது.

புத்தகத்தைப் பார்த்து, "வெளியே உள்ளது" என்றேன்.

"யாரிடம்?"

"ரிக்கார்டு கீப்பரிடம்."

"ரிக்கார்டு கீப்பர் யார்?"

"நான்தான்."

"அப்போ உம்மிடம்தானே இருக்கு? எடுத்துக் கொடுமய்யா!"

"படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கையில் உள்ள கட்டை அவர் திருப்பித் தரும் வரை இன்னொருவருக்குத் தர விதி இல்லை."

"ஏப்ரல் எட்டாம் தேதியிலிருந்தா படிக்கிறீர்?"

"புத்தகத்தில் தேதி இருக்கிறது" என்றேன். அவர் என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த மெமோவைத் தலைகீழாகப் படித்துவிட்டு, "சரியான பேஜாரு பிடிச்ச ஆபீஸ்" என்று சொல்லி எழுந்தார். மேலிடத்தில் புகார் கொடுப்பதாகவும் சொன்னார். கொடுப்பார் என்றே நினைக்கிறேன்.

படித்து முடிக்க எனக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. திருப்பித் தந்த தேதி எழுத வேண்டிய கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. ஒவ்வொரு நாளும் பேனாவை எடுப்பேன். பிறகு வேறு வேலை வந்துவிடும். மெமோவில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை.

ஜூன் 5-ம் தேதி, அப்பீல் கெடுவுக்குப் பதினாறு நாள் முன்னால், வருஷாந்தரப் பரிசோதனை. அன்று ஊழியர்கள் கையில் உள்ள கட்டுகள் எல்லாம் தட்டுக்குத் திரும்பியாக வேண்டும். அல்லது இலாகாவுக்குள் அடுத்துக் கேட்டிருப்பவருக்குப் போய்விட வேண்டும். வெளியாட்களின் சீட்டு அதற்குப் பிறகுதான். இலாகாவுக்குள் இதுவரை யாரும் கேட்கவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

ம. சவுரிராயன்


திண்டிவனம்
21-5-1959

அன்புள்ள சவுரிராயன்,

417-க்குச் சீட்டு இணைத்திருக்கிறேன். கேட்பவர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். வரைவு எழுதியவர் என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதவில்லை. புகார் வந்தால் இரண்டு பெயருக்குமாக வரட்டும். கட்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம். 5-ம் தேதி காலை பாசஞ்சரில் நானே வந்து தங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறேன்.

அதிகாரியிடம் கையெழுத்துக்கு வைத்தேன். வழக்கத்துக்கு மாறாக இன்று படித்துவிட்டார். "தீர்ந்துபோன விஷயத்துக்கு இந்தக் கட்டு எதற்கு?" என்று கேட்டார்.

"படிக்க, சார்."

"எத்தனை பக்கம்?"

"மூன்று."

"மூன்று பக்கத்துக்குத் தொண்ணூறு நாள் கேட்டிருக்கிறீரே?"

நான் மெதுவாகப் படிப்பவன் என்று சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே கெங்கம்மாள் கூடையோடு நின்று யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவை எடுத்து, தொண்ணூறை அடித்துவிட்டு நூற்றெண்பது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவசரப்பட்டுப் படிக்க வேண்டாம் என்றார்.

கு. அப்பாதுரை